‘ஏதோ ஓடுதுடி’: தோழிகள் வாரம் ஒருமுறை மனசுவிட்டுப் பேச ஒரு வழிமுறை

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில்தான் எனக்கு அந்தச் செய்தி தெரிந்தது. எங்கள் கல்லூரித் தோழிக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறதாம். சொன்னது அவளுடைய சித்தி. எனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஆறு மாதமும் நானும் அவளும் பேசாமல் இல்லை. காலை வணக்கம், ரீல்ஸ், மீம், எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி என்று வாட்ஸப் தினமும் நிரம்பிக்கொண்டேதான் இருந்தது. “எப்படிடி இருக்க?” என்று கேட்டும் இருக்கிறேன். “ஏதோ ஓடுதுடி” என்பாள். ஊரே சொல்கிற பதில், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அன்று ராத்திரி போன் போட்டுத் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ மட்டும் உன் பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம்பிடிக்கிறத என்கிட்ட சொன்னியா?” என்றாள். சொல்லவில்லை. அவளுக்கு அது யார் மூலம் போனது என்று இன்றுவரை நான் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது இது. ஐந்து பேர். நான் ஸ்ரீரங்கம், மற்றவர்கள் தஞ்சாவூர், திருப்பூர், துபாய், சிங்கப்பூர். வேலை போனவள் திருப்பூர்க்காரி. வாரத்துக்கு நாற்பது நிமிஷம். போன ஏழு நாள் நிஜமாக எப்படிப் போனது என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் சொல்வோம், மற்ற நால்வரும் கேட்போம். மூன்று வருஷம் தாண்டிவிட்டது. “எப்படி ஆரம்பிச்சீங்க, எங்களுக்கும் சொல்லு” என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருமுறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். பெண்கள் பேச்சாகவே வந்தாலும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான். என் தம்பி தன் கூட்டாளிகளோடு இதையே டீக்கடை பெஞ்சில் நடத்துகிறான். அவர்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. “ஞாயித்துக்கிழம டீ” என்கிறார்கள்.

யாரைச் சேர்ப்பது

மூன்று பேருக்குக் குறைந்தால், ஒருத்தி வரவில்லையென்றாலே அன்றைக்குக் கதை முடிந்தது. ஆறு பேரைத் தாண்டினால் கடைசி ஆளுக்கு நேரம் இருக்காது, அவளும் “எனக்கு ஒண்ணும் இல்லடி, நல்லா இருக்கேன்” என்று முடித்துக்கொள்வாள். நிறையச் சொல்ல இருப்பவள்தான் பெரும்பாலும் கடைசியில் உட்கார்ந்திருப்பாள். நான்கு அல்லது ஐந்து போதும்.

மாதச் சீட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு ஆள் பொறுக்குவது சுலபமாகப் புரியும். சீட்டில் எல்லாரும் மாதா மாதம் கட்ட வேண்டும். முதல் மாதமே எடுத்துக்கொண்டு பிறகு தலைமறைவாகிறவளால்தான் சீட்டு உடையும். இங்கேயும் அப்படித்தான். மற்றவர்கள் கதையை ஆர்வமாகக் கேட்டுவிட்டுத் தன் முறை வரும்போது “ஏதோ ஓடுது” என்று நழுவுகிறவள் ஒருத்தி இருந்தாலும், மூன்றாவது வாரத்தில் மற்றவர்களுக்கும் வாய் மூடிக்கொள்ளும். ரொம்ப நெருக்கமான தோழிதான் வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் சிங்கப்பூர்க்காரி கல்லூரியில் எனக்கு அவ்வளவு பழக்கம் கிடையாது, விடுதியில் பக்கத்து அறை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொன்னால் அது அவளோடு நிற்கும் என்பது விடுதிக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு குணம் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு வரும்.

சேர்க்கக்கூடாதவர்களும் உண்டு. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற இருவர் வேண்டாம். அலுவலகத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது. அக்கா தங்கை, நாத்தனார், ஓரகத்தி வேண்டாம். சொன்னது திங்கட்கிழமை காலைக்குள் குடும்பத்துக்குள் போய்விடும். ஒருத்தருக்கொருத்தர் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறவர்களும் வேண்டாம். பாக்கி வைத்திருக்கிறவள் தன் வாரத்தைச் சொல்லும்போதெல்லாம், கொடுத்தவள் அதை வட்டிக்கணக்குப் பார்க்கிற காதோடுதான் கேட்பாள். நானும் அப்படி ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

நாளும் நேரமும்

“ஃப்ரீயா இருக்கும்போது பேசலாம்” என்றால் பேசவே போவதில்லை. கிழமையும் மணியும் குறித்தாக வேண்டும். எங்களுக்கு ஞாயிறு ராத்திரி ஏழரை. அது துபாயில் மாலை ஆறு, சிங்கப்பூரில் ராத்திரி பத்து. லண்டனில் யாராவது இருந்தால் கோடையில் மதியம் மூன்று, குளிர்காலத்தில் இரண்டு. டொரண்டோவில் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. டொரண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த வாரங்களில் ஒருத்தி ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பாள். முதல் நாளே நினைவூட்டிவிடுங்கள்.

துபாயில் ஆள் இருந்தால் இன்னொரு சங்கடம். அங்கே வாட்ஸப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், ஆனால் அழைப்பு எடுக்காது. எங்களுக்கு ஜூம் கைகொடுத்தது. காசு கட்டாத ஜூம் நாற்பது நிமிஷத்தில் தானாக அறுந்துவிடும். முதல் மாதம் அதைத் திட்டினோம், காசு கட்டிவிடலாம் என்றுகூடப் பேசினோம். இப்போது அதுதான் எங்கள் பள்ளிக்கூட மணி. ஐந்து பேர், ஆளுக்கு ஏழு நிமிஷம், மிச்சம் ஐந்து நிமிஷம் சிரிக்கவும் கிளம்பவும். முடிவு நேரம் தெரிந்தால்தான் வீட்டிலும் சொல்லிவிட்டு உட்கார முடியும். “எட்டேகாலுக்கு வந்து தோசை ஊத்துறேன்” என்று சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். “பேசிட்டு வரேன்” என்றால் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே ஊரில் இருப்பவர்கள் நேரில் சந்திப்பதுதான் நல்லது, ஆனால் யார் வீட்டிலும் வேண்டாம். வீடென்றால் வீட்டுக்காரி காபி போட எழுந்து போவாள், அவள் மாமனார் வந்து நலம் விசாரிப்பார், அப்புறம் முறுக்கு. பூங்கா, ஆற்றங்கரை, கோயில் பிராகாரம் எதுவானாலும் சரி. நடந்துகொண்டே பேசினால் இன்னும் லேசு, முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு மேல் நடந்தால் மட்டும் கடைசியில் வருகிறவளுக்கு ஒன்றும் காதில் விழாது.

காது இல்லாத இடம்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, ஆனால் நிறையக் குழுக்கள் இங்கேதான் கவிழ்கின்றன. நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினால் அதுவே ஒரு செய்தி. கூடத்தில் உட்கார்ந்து பேசினால் வாரம் முழுக்க “நல்லாப் போச்சு”தான். ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு இடத்தை முதல் வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைக்க வேண்டும். எனக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல். தஞ்சாவூர்க்காரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, பெரிய கோயில் பக்கம் நிறுத்திவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து பேசுவாள். திருப்பூர்க்காரிக்குத் துணி காயப்போடும் பால்கனி. சிங்கப்பூர்க்காரி வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்கக மாடிப்படியில் உட்காருவாள்.

இடம் எதுவானாலும் காதில் ஹெட்போன் கட்டாயம். உங்கள் குரல் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டால் அது உங்கள் பாடு, ஆனால் மற்ற நால்வர் குரலும் சேர்ந்து கேட்டால் பாதிக்கப்படுவது அவர்கள். வீடியோ வேண்டாம் என்பது என் கட்சி. முகம் தெரிந்தால் முகத்தைச் சரிசெய்யத் தோன்றும்.

பேசுவதற்கு முன் பத்து நிமிஷம்

“வாரம் எப்படிப் போச்சு?” என்று திடீரென்று கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. வியாழனும் வெள்ளியும் மட்டும் தலையில் இருக்கும். அதனால் சும்மா வந்து உட்காராதீர்கள். ஏழு மணிக்கே போனைக் கையில் எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: ஜிபே கணக்கு, அழைப்புப் பட்டியல், எடுத்த படங்கள்.

ஜிபே ஒரு நல்ல நாட்குறிப்பு. நாமே எழுதினால் கொஞ்சம் அலங்காரம் பண்ணுவோம், அது பண்ணாது. முதல் மாதத்தில் ஒருநாள் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நான் ஆன்லைனில் ஒரு புடவை வாங்கியிருந்தேன். அதற்கு முந்தின வரி, பையனின் பள்ளிக் கட்டணம். அதற்கும் முந்தினது மருத்துவர் கட்டணம். மூன்று வரியைச் சேர்த்துப் படித்தபோதுதான், அந்த ராத்திரி நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. அன்று நான் சொன்னது புடவைக் கதைதான், பையன் கதை அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

அழைப்புப் பட்டியலில், எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பாருங்கள். யாருடைய அழைப்பை வேண்டுமென்றே விட்டோம், யாருக்குத் திரும்பக் கூப்பிட மனசு வரவில்லை என்று ஒரு வாரம் கவனித்தால் போதும், பேச விஷயம் கிடைத்துவிடும்.

தஞ்சாவூர்க்காரி கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைக் காலையிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனை அவளுக்குப் பழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த முறை அது. ‘எங்கே மனசு நிறைந்தது, எங்கே வறண்டது’ என்று பார்ப்பார்களாம். சாமியைப் பற்றி எங்கள் ஐவருக்கும் ஐந்து கருத்து, அதை விட்டுவிடுங்கள். வரிசையாகப் பார்ப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். திங்களிலிருந்து நடந்து வந்தால், நாம் தாண்டிக் குதிக்கிற நாள் எது என்று தெரியும். சொல்ல வேண்டியது அந்த நாளில்தான் கிடக்கும்.

எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வெள்ளிக்கிழமைக் குழு நடத்தினார். கூட்டத்துக்கு வருவதற்கு முன் யோசிக்க ஒரு கேள்விப் பட்டியலும் வைத்திருந்தார். சமீபத்தில் யாராவது வியாபாரத்தில் நொடித்துப்போனார்களா, காரணம் என்னவென்று கேள்விப்பட்டீர்கள் என்பது அதில் ஒன்று. ஊரார் நொடித்த கதையை நாமும் மணிக்கணக்காகப் பேசுவோம், அதற்குக் குழு தேவையில்லை, எதிர்வீட்டுத் திண்ணை போதும். இங்கே பேச வேண்டியது நாம் நொடித்த கதை.

எங்களுக்கு மூன்று கேள்வி. இந்த வாரம் எந்த நேரம் நல்லா இருந்துச்சு? எது இன்னும் உறுத்துது? யார்கிட்டயும் சொல்லாம எத வச்சிருக்க? மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு “இருக்கு, இன்னிக்கு இல்ல” என்பதும் உண்மையான பதில்தான். எங்களில் ஒருத்தி பதினோரு வாரம் அந்தப் பதிலையே சொன்னாள். பன்னிரண்டாவது வாரம் சொன்னாள். யாரும் அவளைப் பிடுங்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பெருமை.

முதல் வாரத்திலேயே ஆழமான ரகசியத்தோடு வராதீர்கள். சின்னதாக ஆரம்பியுங்கள். அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது கூப்பிட மறந்துவிட்டார்கள், அது ரெண்டு நாள் குத்தியது. மகளின் தோழியுடைய அம்மாவைப் பார்த்துப் பொறாமை வந்தது. அம்மா போன் பண்ணும்போது சலிப்பாக இருந்தது, வைத்த பிறகு அழுகை வந்தது. பெரிய துக்கத்துக்கு ஊரில் ஆள் உண்டு. இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் ஆள் கிடையாது, சொன்னால் “இதெல்லாம் ஒரு விஷயமா” என்பார்கள்.

நடந்ததைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். “எங்க மேனேஜர் மோசமானவர்” என்றால் நாங்கள் நால்வரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம், பொழுது போகும். “புதன்கிழமை மீட்டிங்ல நான் பேச வாய் தொறந்தேன், அவர் கைய காட்டி நிறுத்தினாரு, நானும் நிறுத்திட்டேன்” என்றால் அந்த அறையில் நாங்களும் உட்கார்ந்திருப்போம்.

உண்மை என்றால் எல்லாவற்றையும் கொட்டுவது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கதை உங்களுடையது. கணவருடைய நோய், தங்கையின் கடன், மகள் உங்களை நம்பிச் சொன்ன விஷயம் இதெல்லாம் உங்களுடையது இல்லை. அவற்றால் உங்களுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லலாம். “ஒருத்தர் விஷயம் ஒண்ணு மனசுல இருக்கு, அது என்னன்னு சொல்ல முடியாது, ஆனா நாலு நாளா தூக்கம் இல்ல” என்றால் கேட்கிறவர்களுக்கு அது போதும்.

வாய் வராதவர்கள் எழுதிக்கொண்டு வரலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், மனசைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதிய அன்றைக்கு அவர்கள் மனசு முன்பைவிடக் கனத்துத்தான் இருந்தது. இந்தக் கடைசி விஷயம் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு முக்கியம். முதல் இரண்டு மூன்று ஞாயிறுகள் முடிந்ததும் லேசாக இருக்காது. “எதுக்குடி சொன்னோம்” என்று திங்கட்கிழமை காலை தோன்றும். அந்தத் திங்கட்கிழமையை வைத்து இதை நிறுத்திவிடாதீர்கள்.

கேட்பது

உள்ளதில் கஷ்டம் இதுதான். நமக்குப் பேசக்கூடத் தெரியும், கேட்கத் தெரியாது. யாராவது வருத்தத்தைச் சொன்ன மறுநொடி ஏதாவது சொல்லித் தேற்றாவிட்டால் நாம் கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டதாக ஒரு பயம்.

திருப்பூர்க்காரி ஒருமுறை சொன்னது இது. “புதன்கிழமை மாமியார் முன்னாடி அவரு ‘உனக்கு இதெல்லாம் புரியாது’ன்னாரு. நான் சிரிச்சிட்டேன். அதாண்டி உறுத்துது. ஏன் சிரிச்சேன்னு.”

அந்த நொடியில் என் வாயில் வரிசையாக வந்து நின்றவை: “அவரு நல்லவர்தாண்டி, ஏதோ டென்ஷன்ல…”, “எங்க வீட்ல கேளு, இதவிட…”, “அங்கயே நறுக்குனு ரெண்டு கேட்டிருக்கணும்.” மூன்றும் அன்பில் வருபவைதான், மூன்றும் கதவைச் சாத்துபவைதான். முதலாவது, நீ வருத்தப்பட்டது தப்பு என்கிறது. இரண்டாவது, மேடையைப் பிடுங்கிக்கொள்கிறது. மூன்றாவது, ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொண்டிருப்பவளைக் கூடச் சேர்ந்து திட்டுகிறது.

அன்று துபாய்க்காரி மட்டும் கேட்டாள், “சிரிச்சப்புறம் என்னடி பண்ண?”

“அடுப்படிக்குப் போயி பாத்திரம் கழுவுனேன். கழுவி முடிச்ச பாத்திரத்தையே மறுபடி கழுவுனேன்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்த மூன்று நிமிஷமும் அப்படியே போனது. பிறகு அவளே, “சரி, அடுத்து யாரு” என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. ஆலோசனை சொல்வதற்கு முன் “கேட்டா போதுமா, ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்க வேண்டும். “போதும்” என்றால் போதும். பத்தில் எட்டு முறை அந்தப் பதில்தான் வருகிறது. “நான் அப்பவே சொன்னேன்” எங்கள் குழுவில் தடை. சொன்னவள் அடுத்த சந்திப்பில் எல்லாருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். சிங்கப்பூர்க்காரி எங்களுக்கு மூன்று காபி பாக்கி.

அமைதிக்குப் பயப்படாதீர்கள். ஒருத்தி நிறுத்தினால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஏழில் எட்டில் அவளே மறுபடி ஆரம்பிப்பாள். அழுதால் அழட்டும், “அழாதடி” என்று சொல்லாதீர்கள், போனில் இருக்கிறோம் என்று தெரிய லேசாக “ம்” போட்டால் போதும்.

வெளியே போகாமல் இருக்க

முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: இங்கே கேட்டது கணவருக்கும் சொல்வதில்லை. சிலருக்கு இது நெருடும். “அவர்கிட்ட நான் எதையும் மறைக்கிறதில்ல” என்று ஒருத்தி சொன்னாள். உன் விஷயத்தை மறைக்க வேண்டாம், எங்கள் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றோம். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தாள், அதுவும் நல்லதுதான். ஒருத்தியிடம் அவள் சொன்ன விஷயத்தைப் பற்றி நடுவாரத்தில் வேறிடத்தில் பேச்சை எடுப்பதும் கூடாது. கல்யாண வீட்டில் வைத்து “அந்த விஷயம் என்னாச்சுடி?” என்று காதைக் கடித்தால் பக்கத்தில் இருக்கிற பத்து பேர் திரும்புவார்கள்.

அழைப்பில் வர முடியாத வாரம் குரல் செய்தி அனுப்பலாம், ஆனால் ஜாக்கிரதை. எங்கள் தோழி ஒருத்தி சமையல் செய்துகொண்டே ஹெட்போன் போட்டிருப்பதாக நினைத்து என் குரல் செய்தியைத் தட்டிவிட்டாள். ஹெட்போன் சார்ஜ் இல்லாமல் எப்போதோ அணைந்திருந்தது. என் மாமியாரைப் பற்றி நான் சொன்னது அவளுடைய மாமியாருக்கு முழுசாகக் கேட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தமுறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது மட்டும் எனக்கு ஒரு தோசை கூடுதலாகப் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாட்ஸப்பில் குழு அமைப்புக்குள் போனால், செய்திகள் தானாக மறையும்படி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். நாங்கள் 24 மணி நேரம் வைத்திருக்கிறோம். குரல் செய்தியை ஒருமுறை மட்டும் கேட்கும்படியும் அனுப்பலாம். எழுத்தில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடாது, ‘பத்திரமா வச்சுக்கத்தான்’ என்றாலும் கூடாது. பிள்ளைகள் கையில் போன் போகிற வீடுகளில் செயலிக்குப் பூட்டுப் போடுங்கள்.

கனமான விஷயம் வந்தால்

ரகசியத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: உயிர் போகிற விஷயத்தில் ரகசியம் இல்லை. ஒருத்தி “எல்லாம் முடிஞ்சா நல்லா இருக்கும்” என்கிற மாதிரிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. தோன்றுகிறது என்றால் அன்றைக்கு முறை, ஏழு நிமிஷம் எதுவும் கிடையாது. அவளைத் தனியாக விடாமல், பக்கத்தில் இருக்கிற ஒருவரை அவளிடம் அனுப்ப வேண்டும். இந்தியாவில் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். வீட்டில் அடி உதை என்றால் 181. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிங்கப்பூரில் 1767. இந்த எண்களை ஐந்து போனிலும் முதல் நாளே பதிந்து வையுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரே துக்கம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போகிறது என்றால் அது தோழிகள் தாங்கக்கூடிய எடையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், முடிந்தால் ஒருத்தி கூடவே போங்கள். போய் வந்தவளை அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கேளுங்கள்.

தடுமாறும்போது

தொடர்ந்து நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேர்வு, தீபாவளி, காய்ச்சல் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரம் கூப்பிட யாருக்கும் கூச்சமாக இருக்கும். அதற்காகத்தான் மாதத்துக்கு ஒருத்தி என்று பொறுப்பு மாறுகிறது. அந்த மாதத்துக்காரி ஞாயிறு மதியம் “ஏழரை” என்று ஒரே வார்த்தை போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருத்தியே எப்போதும் நடத்தினால் அவள் டீச்சராகிவிடுவாள், மற்றவர்கள் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளாகிவிடுவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை “தொடரலாமா, யாருக்காவது போதும்னு இருக்கா?” என்று கேளுங்கள். போகிறவளுக்குக் காரணம் சொல்லும் கட்டாயம் இருக்கக்கூடாது. எங்களில் ஒருத்தி நான்கு மாதம் விலகியிருந்து திரும்பி வந்தாள். விலகியபோது கோபப்பட்டிருந்தால் வந்திருக்க மாட்டாள்.

பணம் கேட்பதும் கொடுப்பதும் இந்த நாற்பது நிமிஷத்துக்குள் வேண்டாம். கஷ்டத்தைச் சொன்னதே கடன் கேட்கத்தான் என்று ஆகிவிடும், கேட்கிறவளுக்கும் பயம் வந்துவிடும். உதவ நினைத்தால் மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள், அதைக் குழுவில் சொல்லாதீர்கள்.

முதல் செய்தி

இதைப் பற்றி விளக்கமாகப் பத்தி பத்தியாக எழுதி அனுப்பினால் எல்லாரும் பயந்துவிடுவார்கள், இல்லை ஒரு இதயப் பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

“ஞாயித்துக்கிழம ராத்திரி ஏழரைக்கு நாப்பது நிமிஷம் பேசலாமாடி? இந்த வாரம் நெசமா எப்படிப் போச்சுன்னு மட்டும். ஏதோ ஓடுதுன்னு யாரும் சொல்லக்கூடாது. நான் மொதல்ல சொல்றேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அழைக்கிறவள் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் கொஞ்சம் கூச்சமான ஒன்றாக. நான் பையன் விஷயத்தைச் சொன்னேன். ஏழு நிமிஷத்தில் பாதி தொண்டையைச் செருமியே போனது.

அந்தச் செய்திக்கு முதல் ஒரு மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. நான்கு நீல டிக் மட்டும். பிறகு திருப்பூர்க்காரியிடமிருந்து வந்தது: “எட்டு மணிக்கு வச்சுக்கலாமா? மாவு அரைக்கணும்.”

முடியாது, ஏழரைதான் என்று பதில் போட்டேன். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தோடுதான் முதல் வாரம் பேசினாள்.